மேலே மாமனார், கீழே மாப்பிள்ளை

மழைக்காலத்தில் பசை காயாது. பசை காயாத நாட்களில் வீட்டுக்காரப் பெரியவரின் வாய் ஓயாது. மாடியில் குடியிருந்த எனக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. பசை நாற்றம் ஜன்னல் வழியாக மேலே வரும், பெரியவரின் வசவு படிக்கட்டு வழியாக வரும்.

கீழ்த்தளத்தில் முன்பக்கம் முழுக்க அவருடைய சீட் தைக்கும் பட்டறை, பின்பக்கம் அவர்கள் வீடு. பஸ் சீட், லாரி சீட், பல் டாக்டர் நாற்காலி, மனிதன் உட்காருகிற எதுவாக இருந்தாலும் அங்கே வந்து கிழிந்த வயிற்றோடு கிடக்கும். ஒரு பக்கம் ஃபோம், ஒரு பக்கம் சுருட்டி நிறுத்திய ரெக்ஸின், நடுவில் சுருள் ஸ்பிரிங்குகள் ஒரு டிரம் நிறைய. பெரியவர் வளைந்த ஊசியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார். ஊரையே உட்கார வைத்தவருக்குத் தரைதான் சௌகரியம். அவர் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மேசையில் ரெக்ஸின் வெட்டுவார். கத்தரியைவிட அவர் நாக்குக் கூர்மை என்பது தெருவே ஒப்புக்கொண்ட விஷயம்.

அக்காவின் கணவரை வீட்டில் மாப்பிள்ளை என்பார்கள். அதே பெயர் ஆபீசிலும் ஒட்டிக்கொண்டது. நானும் அவரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். சின்னக் கடைகளும் ஆபீசுகளும் பிரௌசரிலேயே திறந்து பார்க்கிற மின்னஞ்சல் சேவை ஒன்றை எங்கள் கம்பெனி நடத்தியது. மாப்பிள்ளை புரோகிராம் எழுதுவார். நான் உதவிக் குறிப்பு எழுதுவேன். ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டால் என்ன செய்வது?’ என்ற என் கட்டுரையைப் படிக்காதவர்கள் தினமும் போன் செய்து அதையேதான் கேட்பார்கள். வாசகர் ஒருவர்கூட இல்லாத எழுத்தாளன் என்று இலக்கியக் கூட்டங்களில் பலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சம்பளத்தோடு வாய்த்திருந்தது.

பெரியவருக்கு ஒரு மகனும் இருந்தான். வெளிநாட்டுக்குப் போனான், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிறகு நோய் வந்து அங்கேயே செத்தும் போனான். அந்த மருமகளுக்கு நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. வீட்டில் அவள் மொழி தெரிந்தது மாப்பிள்ளைக்கு மட்டும்தான். அந்த நாட்டு வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி வந்தது. அவர்தான் அவளுக்கும் எங்கள் சேவையிலேயே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் மாப்பிள்ளை உட்காருவார். அந்தக் கம்ப்யூட்டருக்குக்கூடப் பெரியவர் ரெக்ஸினில் ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தார். அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல மாப்பிள்ளை தமிழில் அடிப்பார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்துவிட்டு, “ம், இப்ப கீழ அவ பாஷையில எழுதுங்க மாப்ள” என்பார். தன் எழுத்து மேலே இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு கீழேதான் என்பது அவருடைய சட்டம். “அவளுக்குப் புரியுதோ இல்லையோ, நான் சொன்னது நான் சொன்னபடி அவ வீட்டுல இருக்கணும்.” ஓசி டீக்காக அந்த நேரம் பார்த்து நானும் இறங்கிப் போய்விடுவேன்.

கதையில் ரகசியத்தை மறைத்துவைக்க எனக்கு வராது, உதவிக் குறிப்பு எழுதிப் பழகிய கை. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒன்றல்ல.

மகன் இறந்த பிறகு மருமகள் ஒரு போட்டோ அனுப்பினாள். புதிதாக மூடிய மண், ஓரத்தில் ஒரு மரத்தின் பாதி. அதைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்ன முதல் கடிதத்தை நானே காதால் கேட்டேன். “எழுதுங்க மாப்ள. எம்புள்ளைய மண்ணுல போட்டுட்டு எனக்குப் போட்டோ அனுப்புறியா? அவன் மொகத்த நான் பாக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாரு? ஒழுங்கா ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருந்தா அவன் இருந்திருப்பான். நீதான் கொன்ன.”

மாப்பிள்ளை அதை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தார். கீழே அவள் மொழியில் அடிக்கும்போது அவர் கை சற்று நின்றது. நான் டீயில்தான் கவனமாக இருந்தேன். அவர் எழுதியது இது என்று பிறகுதான் தெரிந்தது: ‘போட்டோ கிடைத்தது. ஓரத்தில் ஒரு மரம் தெரிகிறது. அவன் இருக்கிற இடத்தில் நிழல் விழுமா?’

அவள் பதில் எழுதினாள். மத்தியானத்துக்குப் பிறகு நிழல் வரும், குழந்தை அங்கே கூழாங்கல் கொண்டுபோய் வைக்கிறாள் என்று. மாப்பிள்ளை அதைப் பெரியவருக்கு வாசித்தபோது முன்னால் தன் கைச்சரக்காக இரண்டு வரி சேர்த்துக்கொண்டார்: “உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது மாமா. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் கேட்பேன்.”

பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். “நீதான் கொன்னன்னு சொல்லியிருக்கேன். அதுக்கு இப்படியா எழுதுறா?”

அடுத்தடுத்த கடிதங்களிலும் திட்டினார், ஆனால் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. எத்தனை வைதாலும் மருமகளிடமிருந்து பொறுமையாகவே பதில் வந்தது. ஒருநாள், “குழந்தைக்குப் பல்லு விழுந்துச்சான்னு கேளுங்க மாப்ள” என்றார். அதன் பிறகு மாப்பிள்ளைக்கு வேலை சுலபமாகிவிட்டது. மேலே இருப்பதை அப்படியே கீழே எழுதினால் போதும். வருகிற விடுமுறைக்கு மருமகள் குழந்தையோடு வருவதாக எழுதியிருந்தாள். பெரியவர் குழந்தைக்கென்று ஒரு குட்டி நாற்காலி செய்து மஞ்சள் ரெக்ஸின் போட்டார். பிடிக்கவில்லை என்று பிரித்தார். மறுபடி தைத்தார். அந்த மழைக்காலத்தில் பசை காயாததற்கு அவர் வைத வசவெல்லாம் அந்த நாற்காலிக்காகத்தான்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளிக்கு அஞ்சல் சேவையில் தானியங்கி மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு அஞ்சலுக்குப் பக்கத்திலும் ஒரு பொத்தான். அழுத்தினால் அது உங்கள் மொழியில் வந்து நிற்கும். மொழிபெயர்க்கிற இயந்திரத்தை வெளியிலிருந்து வாங்கினார்கள். அதை எங்கள் சேவையோடு இணைக்கும் வேலை மாப்பிள்ளையிடம் வந்தது.

வேலை முடிந்ததும் சோதிக்க வேண்டும். முதலாளி மீட்டிங்கில் கையை விரித்தார். “நிஜமான அஞ்சல் வேணும்ப்பா. மனுஷன் பண்ணின மொழிபெயர்ப்பும் கூடவே வேணும். அத வெச்சு மெஷினுக்கு மார்க் போடலாம். யார்கிட்ட இருக்கு?”

யாரிடம் இருக்கும்? பள்ளிக்கூடப் பையன்போல மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பெரியவரை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த அஞ்சல் பெட்டி முழுவதையும் சோதனைக்கு ஏற்றினார். சரியான விடையாகத் தன் மொழிபெயர்ப்பையே வைத்தார். திருடன் தன் கைரேகையைத் தானே எடுத்து ஸ்டேஷனில் கொடுத்த கதைதான். ஆனால் அவர் அதைத் திருட்டு என்று நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் டெஸ்டர் சின்னப் பெண். வாய் நிறையப் பிஸ்கட்டோடு யாருடைய புரோகிராமையும் கிழித்துப் போடுவாள். அன்று டீ மெஷின் பக்கத்தில் வந்து நின்றவள் கையில் பிஸ்கட் இல்லை.

“அண்ணே, ஒரு விஷயம். மத்தவங்க கொடுத்ததுல எல்லாம் மெஷின் நல்லாத்தான் பண்ணுது. உங்க வீட்டு அஞ்சல்ல மட்டும் ஃபெயில்.”

“எழுத்து வடிவம் ஏதாவது தகராறு பண்ணுதா பாரேன்” என்றார் மாப்பிள்ளை.

“பாத்துட்டேன். அது இல்ல. மெஷின் தப்புன்னு நெனச்சு முதலாளிக்குக்கூட எழுதிப் போட்டுட்டேன். அப்புறந்தான் நீங்க கீழ எழுதினத நம்ம பொத்தான வெச்சே தமிழுக்குத் திருப்பிப் பாத்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “மேல ஒருத்தர் நீதான் கொன்னன்னு கத்துறார். கீழ ஒருத்தர் மரத்து நிழல் விழுமான்னு கேக்குறார். ரெண்டும் ஒரே ஆளா அண்ணே?”

மாப்பிள்ளை டீயை மெஷின் மேலேயே வைத்தார். “நான் சரியாத்தான எழுதியிருந்தேன்” என்றார்.

“நெசமாவா சொல்றீங்க?”

“இல்ல… ஒவ்வொரு தடவையும் கீழ எழுதினதத்தான் நான் ஞாபகம் வெச்சுக்கிட்டேன். மேல இருந்தது மறந்தே போச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கு ஞாபகம் இருக்கா?”

எனக்கு இருந்தது. அந்த ‘நீதான் கொன்ன’ என் காதில் அப்படியே இருந்தது. டீ நன்றாக இருந்ததும் ஞாபகம் இருந்தது.

மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுவதும் பெரியவரின் துக்கத்தைப் படித்து முடித்துவிட்டது. நானும் படித்தேன், வேலைக்குத் தேவை என்று சொல்லிக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மாப்பிள்ளை நடந்து வந்தால் நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள், துக்க வீட்டில் விடுவதுபோல. முதலாளி வந்து தோளில் கைவைத்தார். “பொத்தான் பிரமாதமா வேலை செய்யுதுப்பா” என்றார்.

பொத்தான் திங்கட்கிழமை எல்லோருக்கும் போகவிருந்தது. மருமகளின் பெட்டிக்கும்தான். அங்கே எல்லாக் கடிதங்களும் இருந்தன, மேலே பெரியவர் சொன்னது சொன்னபடியே.

மழையில் ஒரே குடைக்குள் வீட்டுக்கு நடந்தோம். குடை என்னுடையது, நனைந்ததும் நான்தான்.

“புரோகிராம்ல ஒரு வரி சேத்தா போதும்” என்றார் மாப்பிள்ளை. “பழைய அஞ்சலுக்குப் பொத்தான் வராது. நீ குறிப்புல ‘புதிய அஞ்சல்களுக்கு மட்டும்’னு போட்டுட்டா…”

“போட்டுடலாம். யாரு படிக்கப் போறா?”

“தப்பில்லையே?”

“எங்கிட்ட கேக்காதீங்க. நான் உங்க வீட்டுல வாடகைக்கு இருக்கறவன்.”

முதலில் அக்காவிடம் சொல்வது என்று முடிவானது. கேடயத்துக்கு நான் கூட நின்றேன். பட்டறையில் அக்கா பஸ் சீட்டுக்கு உறை வெட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சொல்லி முடிக்கும்வரை கத்தரி நிற்கவே இல்லை. பிறகு நின்றது.

“ஏங்க, உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னுதானே நான் உங்களக் கட்டிக்கிட்டேன்.”

“இது பொய்யுன்னு இல்ல…”

“வேற என்ன? எங்கப்பா வைஞ்ச வசவுக்கு அவ எழுதுற பதிலப் பாத்து, வந்தா அவ கால்ல விழணும்னு இருந்தேங்க நான். இப்ப யாரு கால்ல விழணும்? உங்க கால்லயா? அதுல சேறு வேற.”

“எனக்கு அன்னைக்கி அத எழுத மனசு வரல. அவ தனியா குழந்தைய வெச்சுக்கிட்டு…”

“வரலேன்னா அப்பாகிட்ட சொல்லணும். ‘மாமா, இத நான் எழுத மாட்டேன்’னு. அதுக்குத் தைரியம் இல்ல. நல்லவராவும் இருக்கணும், யாரும் கோவிச்சுக்கவும் கூடாது. தம்பி, நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்க்கா.”

“குடிங்க, நல்லா குடிங்க.”

அப்போதுதான் ஜன்னலோரம் கவிழ்த்துப் போட்டிருந்த நீள சீட்டுக்குப் பின்னாலிருந்து பெரியவர் எழுந்தார். வாயில் இரண்டு ஆணி. அவர் அங்கே படுத்து ஸ்பிரிங் கட்டிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஊரையே வாடா போடா என்கிறவர், மாப்பிள்ளையை மட்டும் என்றைக்கும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

“அப்ப அவ என்ன படிச்சா மாப்ள?”

“மரத்து நிழல் விழுமான்னு நீங்க கேட்டதா.”

“நான் அப்படிக் கேட்டேனா?”

“இல்ல மாமா.”

“என் கோபம் புரியுதுன்னு அவ எழுதினது?”

“அது… நான்.”

“டாக்டர் விஷயமா திரும்பத் திரும்பக் கேட்டேனே, அதுக்குப் பொறுமையா பதில் சொன்னது?”

“அதுவும் நான்தான் மாமா.” ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பெரியவர் ஆணிகளை டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

“அவள்ட்ட அத்தன பேச்சுப் பேசியும் அவ என்னைய ஒரு சொல்லு சொல்லலையேன்னு, ரெண்டு வருஷமா வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான் நான் மாறினேன். அப்ப நான் யார்கிட்ட மாப்ள வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன்? உங்ககிட்டயா?”

வைதிருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். அந்த ‘உங்ககிட்டயா’வில் இருந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய வேகத்தில் பசை டப்பாவில் கால் பட்டுக் கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்கு ஆபீஸ் இல்லை; பட்டறையில் வசவும் இல்லை. தெருவில் இரண்டு பேர் வந்து பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள். அக்கா வைத்த ரொட்டியும் முட்டையும் ஆறிக் கிடந்தன. மத்தியான வாக்கில் பெரியவர் மாடிக்கு வந்தார். நான் குடிவந்த நாளிலிருந்து அவர் ஏறி வந்ததே இல்லை. என் ஒரே நாற்காலியைப் பார்த்தார். “யாரு போட்டது இந்த ஃபோம்? வைக்கோல் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“தம்பி, அந்தப் பொத்தான எப்படி அழுத்துறதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்களாமே. படிங்க.”

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் வாசகர். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பழைய கடிதத்துக்கு வேலை செய்யுமா?”

“செய்யாம பண்ணிடலாம்னு மாப்பிள்ளை…”

“செய்யும்னு எழுதுங்க.”

“அவங்க வராமப் போயிடுவாங்களே. குழந்தையும்…”

என் பாயின் பிரிந்த ஓரத்தை அவர் விரல் தானாகச் செருகிக்கொண்டிருந்தது. “வராமப் போகலாம். ஸ்பிரிங் போன சீட்டு மேல புது ரெக்ஸின் போட்டு ஏமாத்துறவன் இருக்கான் தொழில்ல. பாக்க நல்லாத்தான் இருக்கும். அவ என் எதிர்ல உக்காந்து சிரிக்கறப்பல்லாம் நான் உள்ள கெடந்து நெளியணும். சொன்னது நான். வேற யாரோ சொன்ன மாதிரி எத்தன நாளைக்கு இருக்கறது?”

ஞாயிற்றுக்கிழமை அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தார். ஊசி குத்திக் குத்திக் காய்ப்புக் காய்ச்சிய விரல். அழுத்தினால் ஒரு எழுத்து மூன்றாக விழும். மாப்பிள்ளை நிலைப்படியிலேயே நின்றார், கூப்பிட்டால் போக வேண்டும் என்பதுபோல. பெரியவர் கூப்பிடவில்லை.

‘நாளைக்கு ஒரு பொத்தான் வரும். என் பழைய கடிதங்களை நீ படிப்பாய். மேலே இருப்பது நான் எழுதியது. கீழே நீ படித்தது என் மாப்பிள்ளை எழுதியது. என் கோபம் உனக்குப் புரிகிறது என்று நீ எழுதியதாக எனக்கு வாசித்ததும் அவர்தான். அவனைக் கொன்றவள் நீ என்று சொன்னது நான்தான். படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்.’

கீழே ஒன்றும் இல்லை. முதல் தடவையாக அவர் எழுத்து மட்டும் போனது.

திங்கட்கிழமை பொத்தான் வெளியானது, மாப்பிள்ளை அந்த ஒரு வரியைச் சேர்க்காமலே. ஆபீசில் கேக் வெட்டினார்கள். டெஸ்டர் பெண் தன் பங்கை மாப்பிள்ளையின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள், அது அங்கேயே இருந்து எறும்பு மொய்த்தது. அந்த வாரம் முழுக்கப் பதில் இல்லை. பெரியவர் ஒரு லாரி சீட்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்துவிட்டார். டிரைவர் வந்து பார்த்து வாயைத் திறந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். மாப்பிள்ளை காலையில் பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போனார். இருட்டுவதற்குள் அதே வழியாக வந்து பேசாமல் சாப்பிட்டார். மஞ்சள் நாற்காலியை யாரோ ஸ்பிரிங் டிரம்முக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. எங்கள் மூவரையும் பின்னால் நிற்க வைத்துக்கொண்டு பெரியவரே பொத்தானை அழுத்தினார். இயந்திரத் தமிழ் கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லும் யாருக்காகவும் மாறவில்லை.

‘எல்லாம் படித்தேன். இரண்டு நாள் என்னால் குழந்தையிடம் பேச முடியவில்லை. நான் அவரை மூன்று டாக்டர்களிடம் கொண்டுபோனேன். உங்கள் கோபம் எனக்குப் புரியவில்லை. நான் ஒருபோதும் புரிகிறது என்று எழுதவில்லை. நாங்கள் வருகிறோம் என்று குழந்தையிடம் சொன்னேன், வரவில்லை என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த நாட்களில் எல்லோரும் என்னிடம் காகிதங்களில் கையெழுத்துக் கேட்டார்கள். ஒருவர் மட்டும் நிழல் விழுமா என்று கேட்டார். நான் அன்று எழுந்து போய் அந்த மரத்தைப் பார்த்தேன். அதற்காகத்தான் எழுந்தேன். அதை யார் கேட்டது? நீங்கள் இல்லையா?’

பெரியவர் அதை உதடு அசைத்து மறுபடி படித்தார். மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். “நீங்க கேட்டதாவே இருக்கட்டும் மாமா. அது ஒண்ணாவது…”

“சும்மா இருங்க மாப்ள.”

ஒற்றை விரல் இறங்கியது. நிறைய நேரம் ஆனது. அக்கா அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்துகள் விழ விழப் படித்தார். நானும் படித்தேன்; இந்தத் தடவை என் கையில் டீ இல்லை.

‘நான் கேட்கவில்லை. என் மாப்பிள்ளை கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது. இப்போது கேட்கிறேன். இந்த நேரத்தில் அங்கே நிழல் இருக்கிறதா?’

கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு திரும்பினார். “பிழை கிழை இருக்கான்னு பாருங்க மாப்ள.”

மாப்பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் கைவைக்க மாட்டேன் மாமா.”

“பாக்கத்தான சொல்றேன்.”

“வேணாம் மாமா.”

பெரியவர் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார். பிறகு அனுப்புகிற பொத்தானை ஆணி அடிக்கிற மாதிரி ஓங்கி அழுத்தினார். அது போனதா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தடவையும் அழுத்தினார். எழுந்து டிரம்முக்குப் பின்னால் குனிந்து மஞ்சள் நாற்காலியை இழுத்தார். ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. ஊசியைத் தேடிக்கொண்டே, “இந்த மழையில பசை எந்தக் காலத்துல காயப் போகுது” என்று யாரையோ வைய ஆரம்பித்தார்.